வீட்டு மீட்டர் 168, லேப் 147: எதை நம்புவது?

அப்பாவுக்குக் காலை டிபன் முடிந்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்ததில் வீட்டு குளுக்கோமீட்டர் 168 காட்டுகிறது, அதே சமயம் லேபில் கொடுத்த ரத்தம் 147 என்று வந்திருக்கிறது, மீட்டர் பழுதா என்று கேட்டிருக்கிறீர்கள். இதை மட்டும் வைத்துப் பழுது என்று சொல்ல முடியாது. வித்தியாசம் 21, சதவீதத்தில் 14 சொச்சம். மீட்டர்களுக்கான ஐ.எஸ்.ஓ 15197 (2013) தரமே, சுகர் 100-க்கு மேல் இருக்கும்போது நூற்றுக்கு 95 ரீடிங்காவது லேப் அளவிலிருந்து 15 சதவீதத்துக்குள் இருந்தால் சரி என்கிறது.

இன்னொன்று, சாப்பிட்ட பிறகு விரல் நுனி ரத்தத்தில் சுகர் கூடுதலாகத்தான் இருக்கும். லேபில் எடுப்பது நரம்பு ரத்தம். உடம்பு தன் பங்குச் சர்க்கரையை எடுத்துக்கொண்ட பிறகு திரும்பி வருகிற ரத்தம் அது. ஒப்பிட்டுத்தான் பார்க்கணும் என்றால் வெறும் வயிற்றில் பாருங்கள், அப்போது இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக வரும்.

நான் லேபில் ரத்தம் எடுக்கிற வேலையில் இருப்பவள், அதனால் இதையும் சொல்கிறேன்: லேப் எண்ணும் வேதவாக்கு இல்லை. டியூபில் இருக்கும் ரத்த அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும், அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறையும். சாம்பல் மூடி டியூபில் ஃப்ளோரைடு இருப்பது அதைத் தடுக்கத்தான், ஆனால் அதுவும் முழுசாக வேலை செய்ய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கலெக்‌ஷன் சென்டரில் எடுத்த டியூப் பைக்கில் ஊரைச் சுற்றி மெயின் லேபுக்குப் போகிறதென்றால் யோசித்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் தப்பாவது பெரும்பாலும் கையால்தான். மாம்பழம் உரித்த விரலில் குத்தினால் மீட்டர் பழத்தின் சர்க்கரையையும் சேர்த்துத்தான் காட்டும்; சானிடைசர் போதாது, சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு குத்துங்கள். ஸ்ட்ரிப் டப்பா மூடியைத் திறந்தே வைக்காதீர்கள், ஈரம் பட்டால் போச்சு. அப்பாவுக்கு ரத்தசோகை இருந்தால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், பல மீட்டர்கள் அதில் கூட்டிக் காட்டும், மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் ஹெச்பிஏ1சி டெஸ்டும் குழம்பும்.

இவ்வளவும் பார்த்து, வெறும் வயிற்றிலும் 15 சதவீதத்தைத் தாண்டி அடிக்கடி வந்தால் புது ஸ்ட்ரிப் டப்பா வாங்கிப் பாருங்கள், அதற்கும் மசியாவிட்டால் மீட்டரை மாற்றுங்கள். ஆனால் அவருக்கு வியர்த்து, கை நடுங்கி, மீட்டர் 62 என்று காட்டினால் அது சரியா தப்பா என்று ஆராய்ந்துகொண்டிருக்காமல், விழுங்குகிற நினைவில் இருந்தால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்துவிட்டுப் பதினைந்து நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள்.