ஓய்வுக்குப் பின் இறுகிப்போகும் குதிரைத் தசை

கேள்வி: எங்கள் தோட்டத்தில் சவாரிக்கென ஒரு பெட்டைக் குதிரை இருக்கிறது. மழையால் நான்கு நாட்கள் லாயத்திலேயே நின்றது. கொள்ளும் தானியமும் வழக்கம்போலக் கொடுத்தோம். ஐந்தாம் நாள் ஓட்டியபோது, சற்று நேரத்திலேயே வியர்த்துக் கொட்டிப் பின்னங்கால்கள் விறைத்து நின்றுவிட்டது. வயிற்று வலி என்றெண்ணி நடக்க வைத்தோம். பிறகு சிறுநீர் காப்பி நிறத்தில் போனது. இது என்ன நோய்?
- வாசகி, பொள்ளாச்சி

பதில்: நீங்கள் சொல்லும் அறிகுறிகள், உழைப்பினால் தசைநார்கள் சிதையும் நோயையே சுட்டுகின்றன. ஞாயிறு ஓய்வில் நிறையத் தின்ற வண்டிக் குதிரைகள் மறுநாள் வேலையில் இப்படி விழுந்ததால், ஐரோப்பியர் இதைத் திங்கட்கிழமை நோய் என்றே அழைத்தனர். வியர்வையும் தவிப்பும் வயிற்று வலியைப் போலவே தோன்றுவதால் பலரும் ஏமாறுகிறார்கள். ஆனால் இந்த நோயில் குதிரையை நடக்க வைக்கவே கூடாது; ஒவ்வொரு அடியும் சிதைவை அதிகமாக்கும். இனி இப்படி நேர்ந்தால், நின்ற இடத்திலேயே நிழல் தந்து, தண்ணீர் காட்டி, மருத்துவரை அங்கேயே வரவழையுங்கள்.

சிறுநீரின் நிறம்தான் எனக்குப் பெரிய கவலை தருகிறது. சிதைந்த தசையிலிருந்து வெளியேறும் மயோகுளோபின் என்ற புரதமே அந்த நிறத்தைத் தருகிறது. அது சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது. ஆகவே சிரை வழியாக நீர்மம் ஏற்றி, சிறுநீர் தெளியும் வரை தொடர்வதே சிகிச்சையின் அச்சாணி. வலிநிவாரணி ஊசிகளும் தேவைதான். ஆயினும் உடலில் நீர் வற்றிய நிலையில் அவையே சிறுநீரகத்துக்குக் கேடாகும் என்பதால், மருத்துவர் சொல்லாமல் நீங்களாகக் கொடுக்க வேண்டாம். இரத்தத்தில் கிரியாட்டின் கைனேஸ் என்ற நொதி, சிதைவு நேர்ந்த 4 முதல் 6 மணி நேரத்தில் உச்சத்தைத் தொடும். அதன் அளவு இயல்புக்குத் திரும்பும் முன் சேணம் பூட்டாதீர்கள்.

வேலையில்லாத நாளில் கொள்ளையும் தானியத்தையும் பாதிக்கும் கீழே குறைத்து, புல்லையும் வைக்கோலையும் கூட்டுங்கள். மழை நாளிலும் சிறிது நேரமாவது திறந்த வெளியில் நடமாட விடுங்கள். நம் வெயிலில் வியர்வையோடு உப்பு ஏராளமாக வெளியேறுவதால், தினமும் ஓரிரு மேசைக்கரண்டி உப்பு தீவனத்தில் சேரட்டும்.

இவ்வளவு செய்தும் திரும்பத் திரும்ப வந்தால், பரம்பரைக் காரணத்தை ஆராய வேண்டும். குவார்ட்டர் ஹார்ஸ், பெல்ஜியன் போன்ற இனங்களில் தசையில் சர்க்கரை முறையற்றுத் தேங்கவைக்கும் மரபணுக் கோளாறு 2008-ல் கண்டறியப்பட்டது. பந்தயத் தரோபிரெட்டுகளில் வருவது வேறு வகை. பதற்ற இயல்புள்ள இளம் பெட்டைகளையே அது அதிகம் தாக்குகிறது.

கேள்வி: தசைப் பிடிப்புக்குச் சூடான ஒத்தடம் தரலாமா?
- வாசகர், ஈரோடு

பதில்: திடீரென இழுபட்ட தசைக்கு முதல் இரண்டு நாட்கள் குளிர் ஒத்தடமே சரி, வீக்கம் அடங்கிய பிறகே சூடு. தொடைப் பின்தசை கிழிந்திருந்தால் அல்ட்ராசவுண்ட் எடுத்துப் பாருங்கள். அது தழும்பாகிச் சுருங்கிவிட்டால், குதிரை குளம்பைத் தரையில் அறைவது போலவே நடக்கும். அந்த நடையைப் பிறகு திருத்துவது கடினம்.