எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கமும் அதே தண்ணீர்தான்

தம்பி, பொங்கலுக்கு ஊருக்கு வந்தவன் இன்னும் தண்டையார்பேட்டையில்தான் இருக்கிறேன், அதனால்தான் பதில் தாமதம். நீ எழுதியதில், டெட்ராய்ட் பக்கம் வேலைக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது, ஆபீஸில் பாதிப் பேர் மீன் பிடிக்கக் கனடாவுக்குப் போகிறார்கள், நல்ல மீன் அந்தப் பக்கம்தான் என்கிறார்கள், எச்1பி வேலை விசாவில் இருக்கும் நான் கனடா விசாவெல்லாம் எடுத்துப் போவது அந்த அலைச்சலுக்குத் தகுமா என்று கேட்டிருந்தாய். அதை வீட்டில் வாசித்துக் காட்டினேன், எங்கள் அண்ணி அடக்க முடியாமல் சிரித்துவிட்டார்கள். திருவொற்றியூரில் பிறந்து காசிமேட்டு மீன் தின்று வளர்ந்த பையன் ஏரி மீனுக்காக இன்னொரு நாட்டுக்குப் போகிறானாம்! இங்கே ஏரி மீன் என்றாலே சேற்று வாடை என்று மூக்கைச் சுளிப்பார்கள், உனக்கே தெரியும். புழல் ஏரி விராலைச் சும்மா கொடுத்தால்கூட எங்கள் அம்மா யோசிப்பார்.

சரி, நேராகச் சொல்கிறேன். மீனுக்காக மட்டும் என்றால் போகாதே, அதிலும் முதல் வருடம் போகவே வேண்டாம்.

ஏன் என்றால், டெட்ராய்ட் ஆற்றின் இந்தக் கரை அமெரிக்கா, அந்தக் கரை கனடா. எதிர்க்கரை ஒரு கிலோமீட்டர்கூட இல்லாத இடங்கள் உண்டு, வின்ட்சரில் கார் லைட் எரிவது தெரியும். மேலே செயின்ட் கிளேர் ஏரி, கீழே ஈரி ஏரி, நடுவில் இந்த ஆறு. மார்ச் கடைசி, ஏப்ரலில் ஈரி ஏரியிலிருந்து வாலாய் மீன் முட்டையிட ஆற்றில் ஏறி வரும். அதைத்தான் கனடாக்காரர்கள் பிக்கரல் என்கிறார்கள். உன் ஆபீஸ் ஆட்கள் சொல்லும் பிக்கரலும் நம் பக்கத்து வாலாயும் ஒரே மீன், இது தெரியாமலே நான் இரண்டு வருடம் ஏங்கிக்கொண்டிருந்தேன். மீனுக்கு பாஸ்போர்ட் கிடையாது, காலையில் அங்கே மேயும், மதியம் இங்கே மேயும்.

ஒரு விஷயம் சொன்னால் நம்ப மாட்டாய். சின்ன வயதில் காசிமேட்டுக் கல்லின்மேல் நின்று பவண்டோ பாட்டிலில் தங்கூசி நரம்பைச் சுற்றி, நுனியில் ஈயமும் முள்ளும் கட்டி, பொடி இறாலைக் குத்தி வீசுவோமே, கம்பும் இல்லாமல் சக்கரமும் இல்லாமல். அமெரிக்காவில் அதெல்லாம் இருக்காது, ஆயிரம் டாலருக்குச் சாமான் வாங்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். முதல் ஏப்ரலில் ஆற்றங்கரையில் நின்று வேடிக்கை பார்க்கிறேன், எழுபது வயது வெள்ளைக்காரத் தாத்தா ஒருவர் படகில் குனிந்து உட்கார்ந்து, கையால் கம்பியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருக்கிறார். கம்பு கிடையாது. தங்கூசிக்குப் பதில் மெல்லிய இரும்புக் கம்பி, படகின் ஓரத்தில் சுருள்வில் வைத்த ஒரு டப்பா, கம்பியை விட்டால் அதுவே உள்ளே சுற்றிக்கொள்ளும். அடியில் அரைக் கிலோ போல ஈயக்குண்டு. குண்டு தரையைத் தொட்டதும் ஒரு முழம் தூக்கி ஆட்டுகிறார், மறுபடி தொடுகிறார், தூக்குகிறார். ஹேண்ட்லைனிங் என்று அந்த ஆற்றில் ரொம்ப காலமாக நடக்கிற வேலை, ஓடும் தண்ணீரில் தூண்டில் அடியோடு அடியாகப் போக இதைவிட நல்ல வழி இல்லையாம். மீன் கடித்தால் விரலிலேயே தெரியும். அந்த உணர்வு நமக்குப் பிறந்ததிலிருந்து பழக்கம், கம்பு பிடித்தே வளர்ந்தவர்களுக்கு அது வர ஒரு பருவம் ஆகும். அன்றைக்குத்தான் எனக்கு அந்த ஊர் கொஞ்சம் நம்மூர் மாதிரிப் பட்டது.

இப்போது எல்லை விஷயத்துக்கு வருகிறேன். நான் போய் மாட்டிக்கொண்ட கதை இது, தப்பு முழுக்க என்னுடையது. நான்காவது வருடம் கனடா விசா எடுத்தேன். இந்தியப் பாஸ்போர்ட் என்றால் விசிட்டர் விசா கட்டாயம், விண்ணப்பத்துக்கு 100 கனடா டாலர், கைரேகைக்கு 85, அப்புறம் பாஸ்போர்ட்டைத் தபாலில் அனுப்பிவிட்டு அது திரும்பி வரும்வரை வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். அது முடிந்து ஒரு சனிக்கிழமை விடியற்காலை கிளம்பினோம், மூன்று பேர். முந்தின நாள் மழை, வீட்டுப் பின்பக்கம் தோண்டினால் மண்புழு கொழுகொழுவென்று இருந்தது, காலி ஐஸ்கிரீம் டப்பாவில் ஈர மண்ணோடு ரொப்பி எடுத்துக்கொண்டேன். பாலத்தின் மறுமுனையில் அதிகாரி கேட்டார், தூண்டில் இரை ஏதாவது இருக்கிறதா என்று. பெருமையாக டப்பாவைத் திறந்து காட்டினேன். அவ்வளவுதான், வண்டியை ஓரங்கட்டச் சொல்லிவிட்டார்கள். புழு போகலாம், மண் போகக் கூடாது. கடையில் விற்கும் செயற்கைப் படுகையில் இருக்கும் புழுவைத்தான் விடுவார்கள். உயிரோடு சின்ன மீனையோ அட்டையையோ இரைக்குக் கொண்டுபோகவே கூடாது. இதெல்லாம் முன்கூட்டியே எழுதிவைத்த விதி, நான்தான் படிக்கவில்லை. டப்பா குப்பைக்குப் போனது, எங்கள் காகிதங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து முடிக்க ஒன்றரை மணி நேரம். அந்தப் பக்கம் போய்ச் சேரும்போது வெயில் ஏறிவிட்டது, காற்று மாறிவிட்டது. மூன்று பேருக்கும் சேர்த்து இரண்டு மீன்.

திரும்பி வருவதுதான் உன்னைப் போன்றவர்களுக்கு உண்மையான தலைவலி. உன் பாஸ்போர்ட்டில் இருக்கும் அமெரிக்க விசா ஸ்டாம்பிங் புதிது, அதனால் இப்போதைக்குக் கவலை இல்லை. அது காலாவதியான பிறகும் கனடாவுக்கு 30 நாளுக்குள் போய்த் திரும்பினால் பழைய விசாவிலேயே உள்ளே விட ஒரு சட்டம் இருக்கிறது, ஆட்டோமேட்டிக் ரீவேலிடேஷன் என்பார்கள். ஐ-94, அதாவது அமெரிக்காவில் எந்தத் தேதிவரை தங்கலாம் என்ற பதிவு, செல்லுபடியாக இருக்க வேண்டும், அதன் பிரதியும் வேலைக்கான ஒப்புதல் தாளும் கையில் இருக்க வேண்டும், கனடாவில் இருக்கும்போது புது அமெரிக்க விசாவுக்கு விண்ணப்பித்துவிட்டால் அந்தச் சலுகை போச்சு. வந்ததும் ஐ-94 தேதியை இணையத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள். இரண்டு கிலோ மீனுக்காக வேலையையே பணயம் வைப்பது மாதிரி என்று என் மனைவி சொல்வாள். கொஞ்சம் மிகைதான், ஆனால் வேலை மாறும் நேரத்தில், விசா நீட்டிப்புக்குப் போட்டிருக்கும் நேரத்தில் போகாதே என்று நானும் சொல்வேன்.

லைசென்ஸ் கணக்கையும் பார். டெட்ராய்ட் இருக்கும் மிச்சிகன் மாநிலத்தில் குடியிருப்பவனாக நான் கடைசியாக எடுத்தபோது வருடத்துக்கு 26 டாலர். மார்ச்சில் புது வருட லைசென்ஸ் விற்பனைக்கு வரும், அப்போது வாங்கினால் அடுத்த மார்ச் 31 வரை செல்லும், அதனால் இப்போது பிப்ரவரியில் வாங்கி ஏமாறாதே. எதிர்க்கரை கனடா மாகாணமான ஒன்டாரியோவில் வெளிநாட்டுக்காரனுக்கு ஒரு நாளுக்கே கிட்டத்தட்ட அதே காசு. ஒரு நாளுக்கு மேல் என்றால் அவுட்டோர்ஸ் கார்டு என்று இன்னொரு அட்டையும் வாங்க வேண்டும். இலவச மீன்பிடி நாட்கள் அங்கே உண்டே என்று யாராவது சொல்வார்கள், அது கனடாவில் குடியிருப்பவர்களுக்கு மட்டும். மிச்சிகனிலும் பிப்ரவரியில் ஒன்று, ஜூனில் ஒன்று என்று இலவச வார இறுதி வரும், அதில் நீ கலந்துகொள்ளலாம். இந்தப் பக்கம் ஒரு ஆள் மூன்று தூண்டில் போடலாம், அந்தப் பக்கம் பெரும்பாலும் ஒன்றுதான். நம்மூரில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் மாதிரி அங்கேயும் மீனுக்கு மீன், ஏரிக்கு ஏரி மூடும் காலம் உண்டு. இதில் ஒரு சூட்சுமம்: ஒன்டாரியோவில் மூடிய காலத்தில் அந்த மீனைப் பிடித்துவிட்டு விடுவதுகூடக் குற்றம். தெரியாமல் மாட்டினால் விட்டுவிடலாம், தேடிப் போய்ப் பிடிக்கக் கூடாது.

நண்பனின் படகில் போகிறோம், கரையில் இறங்க மாட்டோம் என்றும் சொல்வார்கள். தண்ணீரில் கோடு போட்டிருக்காது தம்பி, ஜிபிஎஸ் திரையில்தான் தெரியும். கோட்டைத் தாண்டித் தூண்டில் போட்டால் ஒன்டாரியோ லைசென்ஸ் வேண்டும். 2017-க்குப் பிறகு, இறங்காமல் நங்கூரம் போடாமல் கடந்து போனால் கனடாவுக்குத் தகவல் சொல்ல வேண்டியதில்லை என்று விதியைத் தளர்த்தினார்கள், ஆனால் மோட்டார் நின்றுபோய் நங்கூரம் போட வேண்டி வந்தால் என்ன செய்வாய்? காசிமேட்டு விசைப்படகு ஆந்திரா பக்கம் ஒதுங்கிச் சிறைபிடிக்கப்படுவது எத்தனை முறை பார்த்திருக்கிறோம். அங்கே யாரும் படகைக் கட்டிவைக்க மாட்டார்கள், ஆனால் விசாவில் இருப்பவனுக்கு ஒரு கேள்வி கேட்டாலே தூக்கம் போய்விடும்.

ருசி? வாலாய் வெள்ளைச் சதை, முள் குறைவு, கிழங்கான் மாதிரி மெத்தென்று இருக்கும். வறுவலுக்குப் பிரமாதம், குழம்பில் போட்டுக் கரண்டியை விட்டால் கரைந்துவிடும். குழம்புக்கு மே கடைசியில் கூட்டம் கூட்டமாக ஆற்றில் ஏறும் வெள்ளை பாஸ் நல்லது, உள்ளூரில் சில்வர் பாஸ் என்பார்கள். அதன் பக்கவாட்டில் ஓடும் சிவப்புச் சதையைக் கத்தியால் சீவி எறிந்துவிட்டு, உப்பு மஞ்சள் போட்டு மூன்று தண்ணீர் கழுவினால் வாடை போய்விடும். புளியைக் கொஞ்சம் தூக்கலாக விடு. மஞ்சள் பெர்ச் கையளவு மீன், முழுசாக வறுத்தால் பிள்ளைகள் விட மாட்டார்கள்.

ஆனால் தினமும் தின்னாதே. 1970-ல் செயின்ட் கிளேர் ஏரி மீனில் பாதரசம் இருக்கிறது என்று இரண்டு பக்கமும் மீன்பிடிப்பை நிறுத்தினார்கள், கனடாவின் சார்னியா ஊர்ப் பக்கத்து ஆலைக் கழிவு. இப்போது எவ்வளவோ தேறிவிட்டது, இருந்தாலும் எந்த மீனை மாதத்தில் எத்தனை முறை சாப்பிடலாம் என்று மிச்சிகன் அரசே வழிகாட்டி போடுகிறது, ஒன்டாரியோவும் போடுகிறது. சின்ன மீனாகப் பார்த்து எடு, வயசான பெரிய மீனில்தான் பாதரசம் சேரும், அது சதையிலேயே இருக்கும், தோலை உரித்தாலும் போகாது. எங்கள் அப்பா எண்ணூர் தொழிற்சாலையில் வேலை பார்த்த நாளில் ஞாயிற்றுக்கிழமை முகத்துவாரத்தில் மடவை பிடித்து வருவார். நேற்று அண்ணனோடு அந்தப் பக்கம் போனேன், சாம்பல் கலந்த சேற்றில் காலை வைக்கவே யோசனையாக இருந்தது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் வேறு. அந்த ஆற்றுக்கு இப்படி ஒரு வழிகாட்டியை யாராவது போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அப்படியானால் எல்லை தாண்டவே கூடாதா என்றால், அப்படி இல்லை. நான் இரண்டு முறை போனதில் எனக்குப் பிடித்தது ஒன்றுதான், ஒரு வாரம் லீவு போட்டு வடக்கே பிரெஞ்ச் ஆற்றுப் பக்கம் போனது. எதிர்க்கரைக்குப் போய் மாலையில் திரும்பும் வேலை இல்லை அது. ஏழெட்டு மணி நேரம் வண்டி ஓட்டி, பாறையும் பைன் மரமும் தவிர ஒன்றும் இல்லாத இடத்தில் ஒரு மரவீடு எடுத்து, காலை ஐந்து மணிக்குப் படகை இறக்கினால் மூடுபனிக்குள்ளிருந்து லூன் பறவை கத்தும். போன் சிக்னல் கிடையாது. அந்த மாதிரிப் பகுதியில் பல ஏரிகளில் மே மூன்றாம் சனிக்கிழமைதான் பிக்கரல் திறப்பு, அதைப் பார்த்துக்கொண்டு போக வேண்டும். மீனை ஃபில்லெட் போட்டு எடுத்து வரும்போது ஒவ்வொரு துண்டிலும் ஒரு கீற்றுத் தோலை விட்டுவை, என்ன மீன், எத்தனை மீன் என்று அதிகாரி எண்ணிப் பார்க்கும்படி தனித்தனியாகக் கட்டு, எல்லையில் கேட்கும் முன்னே சொல்லிவிடு. அதற்கு விசாவும் செலவும் தகும். இரண்டு வருடம் போகட்டும், கல்யாணம் ஆனால் மனைவியோடு போ, அவளுக்குக் கொசு ஒத்துக்கொள்ளுமா என்று மட்டும் கேட்டுக்கொள்.

இந்த வருடம் பெல் ஐல் தீவுக்குப் போ, டெட்ராய்டிலிருந்து பாலம் ஏறினால் வந்துவிடும், மாநிலப் பூங்கா, காருக்கு ரெக்ரியேஷன் பாஸ்போர்ட் என்கிற பூங்கா அனுமதி மட்டும் வேண்டும். மேடை கட்டி வைத்திருக்கிறார்கள், நின்று போடலாம், எதிரே கனடா தெரியும். தெற்கே வயாண்டாட் கரையும் நல்லது. 20 டாலர் கம்பு போதும்.

நான் 16-ம் தேதி கிளம்புகிறேன். உங்கள் அம்மா நேற்று சாயங்காலம் ஆட்டோவில் வந்து ஒரு கிலோ குழம்பு மிளகாய்த்தூளும் இரண்டு பாட்டில் எலுமிச்சை ஊறுகாயும் கொடுத்துவிட்டுப் போனார்கள், பையன் இளைத்துவிட்டானா என்று நாலு முறை கேட்டார்கள். கருவாடும் கொண்டுவந்தார்கள், என் பெட்டியில் துணியெல்லாம் நாறும் என்று கெஞ்சித் திருப்பி அனுப்பினேன், கோபிக்காதே. பனி உருகட்டும், ஏப்ரல் முதல் சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு உன் வீட்டு வாசலில் ஹாரன் அடிப்பேன், கையுறை இரண்டு ஜோடி எடுத்துவை.