சியாட்டில் வருபவர்கள் எந்தக் கடற்கரைக்குப் போகலாம்? ஒசெட், ஆனால் முதலில் நியா பே

கேள்வி: கோடையில் அமெரிக்காவில், சியாட்டிலில் இருக்கும் மகன் வீட்டுக்கு வருகிறோம். கூட்டம் அதிகமில்லாத நல்ல கடற்கரை ஒன்றைச் சொல்லுங்கள். பேரப்பிள்ளைகளுக்கு அங்கே பூர்வகுடிகளின் வரலாறும் கடல் விலங்குகளும் பார்க்கக் கிடைத்தால் நல்லது.

ஒசெட் போங்கள். வாஷிங்டன் மாநிலத்தின் வடமேற்கு மூலையில், ஒலிம்பிக் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. வரைபடத்தில் அலாவா முனை என்று தேடினால் கிடைக்கும். அலாஸ்காவையும் ஹவாயையும் விட்டுவிட்டுப் பார்த்தால் அமெரிக்காவின் மேற்குக் கோடி நிலம் இதுதான்.

ஆனால் நேராகக் கடற்கரைக்குப் போய்விடாதீர்கள். முந்தின நாள் நியா பே என்ற ஊரில் இருக்கும் மக்கா மக்களின் அருங்காட்சியகத்தைப் பாருங்கள். மறுநாள் ஒசெட் போங்கள். இந்த வரிசையை நான் எல்லாரிடமும் வற்புறுத்திச் சொல்வேன். அருங்காட்சியகம் பார்க்காமல் போனால் அழகான கடற்கரை ஒன்றைப் பார்த்துவிட்டு வருவீர்கள். பார்த்துவிட்டுப் போனால் ஒரு ஊரைப் பார்ப்பீர்கள்.

மக்கா மக்கள் இந்த மூலையின் பூர்வகுடிகள். திமிங்கில வேட்டைக்குப் பேர்போனவர்கள். அவர்களுடைய பழைய ஐந்து ஊர்களில் ஒன்று ஒசெட். முன்னூறிலிருந்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு ஓர் இரவில் மேட்டிலிருந்து ஈரச் சேறு சரிந்து வந்து அந்த ஊரின் ஒரு பகுதியை அப்படியே மூடிவிட்டது. ஊர் அதோடு அழிந்துவிடவில்லை, பக்கத்திலேயே வாழ்க்கை தொடர்ந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயே ஆக வேண்டும் என்று அரசாங்கம் சொன்னது. பள்ளிக்கூடம் இருந்ததோ நியா பேயில். குடும்பங்கள் ஒவ்வொன்றாக அங்கே குடிபெயர்ந்தன. வீடுகள் சரிந்த கதையை மட்டும் பெரியவர்கள் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

1970ஆம் ஆண்டு குளிர்காலத்தில் ஒரு புயல் அடித்தது. அலை கரையை அரித்ததில் சேற்றுக்குள்ளிருந்து பழைய மரச் சாமான்கள் வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. அந்தப் பக்கம் நடந்துபோனவர்கள் சிலர் கையில் கிடைத்ததை எடுத்துப்போகவும் ஆரம்பித்தார்கள். அப்போது மக்கா பழங்குடிச் சபையின் தலைவராக இருந்தவர் எட் கிளாப்லன்ஹூ. தான் படித்த வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் தொல்லியல் பேராசிரியர் ரிச்சர்ட் டாகர்ட்டியை உடனே தொலைபேசியில் அழைத்தார். டாகர்ட்டிக்கு ஒசெட் ஏற்கெனவே பழக்கமான இடம், அறுபதுகளிலேயே அங்கே அகழாய்வு செய்தவர். உடனே கிளம்பி வந்தார். அந்த வேலை பதினோரு வருடம் நடந்தது.

மண்வெட்டியைப் போட்டால் ஊறிப்போன மரம் உடைந்துவிடும். அதனால் கடல் தண்ணீரை இறைத்து, குழாயால் மெதுவாகப் பீய்ச்சிப் பீய்ச்சிச் சேற்றைக் கரைத்தார்கள். காற்றுப் புகாத களிமண்ணுக்குள் கிடந்ததால் சாதாரணமாக மக்கிவிடும் பொருள்கள்கூட மக்கவில்லை. கூடை, பாய், கயிறு, மரப்பெட்டி, துடுப்பு, தூண்டில் முள், நாய் முடி சேர்த்து நெய்த போர்வை எல்லாம் வந்தன. ஆல்டர் மரத்தின் இலைகள் பச்சை மாறாமல் வந்து, வெளிக்காற்று பட்டதும் கறுத்துப்போயின. வெள்ளைக்காரர்கள் இந்தக் கரைக்கு வருவதற்கு முந்தைய அந்த வீடுகளில் இரும்பு அலகு வைத்த கருவிகளும் கிடைத்தன. ஆசியாவிலிருந்து உடைந்து மிதந்து வந்த கப்பல்களின் இரும்பு அது என்று கருதுகிறார்கள். வீடுகளுக்குப் பின்னால் மழைத் தண்ணீர் வடிய, திமிங்கில எலும்புகளையே வரிசையாக நட்டு வாய்க்கால் கட்டியிருந்தார்கள். மொத்தம் 55,000க்கும் மேற்பட்ட பொருள்கள்.

இதில் என் மனத்தைத் தொட்டது எண்ணிக்கை அல்ல. தோண்டி எடுத்தது எதுவும் வெளியூர் போகாது, மக்கா மக்களிடமே இருக்கும் என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்தார்கள். மாணவர்களோடு மக்கா இளைஞர்களும் சேறு கழுவினார்கள். ஒரு மரத்துண்டு என்னவென்று ஆய்வாளர்களுக்குப் புரியாதபோது, ஊர்ப் பாட்டிமாரும் தாத்தாமாரும் பார்த்து அது எதற்குப் பயன்படும் என்று சொன்னார்கள். பெரியவர்கள் சொல்லிவந்த சேற்றுச்சரிவுக் கதையும் உண்மை என்று ஆயிற்று. 1979இல் நியா பேயில் அருங்காட்சியகம் திறந்தார்கள். அன்றிலிருந்து அதை நடத்துவது அவர்களேதான்.

உள்ளே முழு அளவில் கட்டிய நீள்வீடு ஒன்று இருக்கிறது. சிடார் பலகைச் சுவர், மேலே மீன் காயப்போடும் பரண். ஊரிலிருந்து வந்திருந்த என் அம்மா அதற்குள் நின்று, "கருவாடு போடத் தெரிஞ்ச சனம்" என்று சொல்லிவிட்டு வெளியே வர மனமில்லாமல் நின்றார். பிள்ளைகளை முக்கியமாக ஒரு பொருளின் முன்னால் நிறுத்துங்கள். சிடார் மரத்தில் செதுக்கிய திமிங்கிலத்தின் முதுகுத்துடுப்பு அது. எழுநூற்றுக்கும் மேற்பட்ட கடல் நீர்நாய்ப் பற்களை அதில் பதித்திருக்கிறார்கள். மறுநாள் கடற்கரையில் நிற்கும்போது அந்தப் பற்கள் நினைவுக்கு வர வேண்டும்.

ஏனென்றால் அந்த விலங்கு இந்தக் கரையிலிருந்தே ஒருமுறை இல்லாமல் போனது. கடல் நீர்நாயின் ரோமம் மற்ற எந்தப் பாலூட்டியின் ரோமத்தையும் விட அடர்த்தி. அந்தத் தோலுக்காக நடந்த வணிகத்தில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குள் வாஷிங்டன் கரையில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அலாஸ்காவின் அம்சிட்கா தீவில் அமெரிக்கா நிலத்தடி அணுகுண்டுச் சோதனை நடத்திய காலத்தில், அங்கிருந்த நீர்நாய்களைப் பிடித்து வேறு கரைகளில் விட்டார்கள். அப்படி 1969, 1970 ஆண்டுகளில் 59 நீர்நாய்கள் இந்தக் கரைக்கு வந்தன. இன்று இரண்டாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. அவை கடல் முள்ளெலிகளைத் தின்று குறைப்பதால் கெல்ப் என்ற நெடும்பாசிக் காடு தழைக்கிறது, அதை நம்பிய மீன்களும் பிழைக்கின்றன. ஒசெட் கரையில் நின்று தொலைநோக்கியில் அந்தப் பாசித் திட்டுகளைப் பாருங்கள். மல்லாந்து மிதந்தபடி, வயிற்றில் சிப்பியை வைத்துத் தின்றுகொண்டிருக்கும். தொலைநோக்கி இல்லாமல் மட்டும் போய்விடாதீர்கள்.

இனி நடை. ஒசெட் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்த வேண்டும். அங்கிருந்து கடற்கரைக்கு வண்டிப்பாதை கிடையாது. மழைக்காட்டுக்குள் ஏறக்குறைய 5 கிலோமீட்டர் நடக்க வேண்டும், பெரும்பகுதி பலகை பாவிய பாதை. பெரிய ஏற்றம் இல்லை. அறுபதைத் தாண்டிய என் அம்மா நிதானமாக நடந்து போய்த் திரும்பினார். ஆனால் ஈரப்பலகை பயங்கரமாக வழுக்கும். ரப்பர் அடி நன்றாகப் பிடிக்கும் காலணி அவசியம், செருப்பு உதவாது. நடுவில் காடு விலகி ஒரு வெட்டவெளி வரும். லார்ஸ் ஆல்ஸ்ட்ராம் என்ற குடியேறி அங்கே தனியாக விவசாயம் செய்து வாழ்ந்ததால் அவர் பெயரிலேயே அந்த இடத்தைச் சொல்கிறார்கள். அதைத் தாண்டினால் கொஞ்ச நேரத்தில் அலைச் சத்தம் கேட்கும்.

மெரினா போன்ற மணல்வெளியை எதிர்பார்க்காதீர்கள். கூழாங்கல், பாசி படர்ந்த பாறை, கரையெங்கும் ஒதுங்கிக் கிடக்கும் ராட்சத மரங்கள். கோடையிலும் தண்ணீர் உறையவைக்கும் குளிர், குளிப்பதற்கான கடல் இது இல்லை. அலை பெரிதாக வரும்போது அந்த மரங்கள் புரளும், அதில் சிக்கி உயிர் போயிருக்கிறது. பிள்ளைகள் அவற்றின்மேல் ஏறி விளையாட விடாதீர்கள்.

வந்த வழியே திரும்பலாம். கால் வலு இருப்பவர்கள் தெற்கே கரையோரமாக 5 கிலோமீட்டர் நடந்து மணல் முனையை அடைந்து, அங்கிருந்து இன்னொரு பலகைப்பாதை வழியாக ஏரிக்கே வந்துவிடலாம். முழுச் சுற்றும் 15 கிலோமீட்டர். உங்கள் மகனும் மூத்த பேரப்பிள்ளைகளும் இதைச் செய்ய வேண்டும் என்பேன், ஏனென்றால் வழியில்தான் திருமணப் பாறைகள் என்று அழைக்கப்படும் இடம் இருக்கிறது. அலைக்குச் சற்று மேலே கிடக்கும் பாறைகளில் மக்கா முன்னோர் செதுக்கிய ஓர்கா என்ற கொலைகாரத் திமிங்கிலங்கள், மனித முகங்கள், ஒரு பாய்மரக் கப்பல் எல்லாம் இருக்கின்றன. அந்தக் கப்பலைத்தான் நான் அதிக நேரம் பார்த்தேன். தங்கள் கடலில் வேற்று மனிதர் வந்ததைக் கரையில் நின்று பார்த்தவர்கள் அதைக் கல்லில் எழுதிவைத்திருக்கிறார்கள். கையால் தடவக் கூடாது, சுண்ணாம்பு பூசிப் படமெடுக்கக் கூடாது, பக்கத்தில் பெயர் கிறுக்கவே கூடாது. பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

அந்தப் பகுதியில் கடல் ஏறியிருக்கும்போது சுற்ற முடியாத பாறை மூக்குகள் உண்டு. கடல் ஏறி வற்றும் நேர அட்டவணையைப் பார்த்து, வற்றும் நேரத்துக்குத் தக்கபடி கிளம்ப வேண்டும். தவறினால் கரைமேட்டின் வழியே ஏறிக் கடக்கும் குறுக்குப்பாதை இருக்கிறது. மரத்தில் கறுப்பும் சிவப்புமான வட்டப் பலகை அடித்திருக்கும் இடம்தான் அதன் வாசல். கைபேசி சிக்னல் கிடைக்காது, அட்டவணையைத் தாளில் எடுத்துப்போங்கள். கடல் வற்றியிருக்கும்போது பாறைக் குழிகளைப் பார்க்கவும் வசதி. பச்சைக் கடல் சாமந்தி, ஊதா நட்சத்திர மீன், நத்தை, நண்டு என்று பிள்ளைகள் அங்கேயே உட்கார்ந்துவிடுவார்கள். 2013இல் ஆரம்பித்த ஒரு நோயில் இந்தக் கரையோர நட்சத்திர மீன்கள் கொத்துக்கொத்தாகச் செத்தன. அதனால் ஒன்றைப் பார்த்தால் பாறையிலிருந்து பிய்க்காமல் கண்ணால் மட்டும் பாருங்கள்.

எதிரே தெரியும் தீவுகளிலிருந்து கடற்சிங்கங்கள் கத்துவது கேட்கும். வெண்தலைக் கழுகு உச்சிமரத்தில் இருக்கும். மான்கள் பயமில்லாமல் கரைக்கு வந்து நிற்கும், தீனி போடாதீர்கள். சீல் குட்டி ஒன்று கரையில் தனியாகக் கிடந்தால் பரிதாபப்பட்டுப் பக்கத்தில் போகவே கூடாது. தாய் இரைதேடப் போயிருக்கும், ஆள் நடமாட்டம் இருந்தால் திரும்பி வராது. நூறு கஜமாவது தள்ளி நில்லுங்கள். புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போகலாம், நாங்களும் அதைத்தான் கொண்டுபோனோம். கண் அசந்தால் ரக்கூன்கள் பையைத் திறந்து தின்றுவிடும். இரவு கூடாரம் அடிப்பதென்றால் முன்கூட்டியே அனுமதி வாங்கி, கரடியாலும் திறக்க முடியாத கெட்டி டப்பாவில்தான் சாப்பாடு வைக்க வேண்டும்.

வசந்த காலத்தில் சாம்பல் திமிங்கிலங்கள் இந்தக் கரையோரமாக வடக்கே போகும். பேரப்பிள்ளைகள் கண்டிப்பாகக் கேட்பார்கள்: இவர்கள் திமிங்கிலத்தைக் கொல்வார்களா? மறைக்காமல் பதில் சொல்லுங்கள். 1855ஆம் ஆண்டு நியா பே ஒப்பந்தத்தில் மக்கா மக்கள் பெரும்பகுதி நிலத்தை அமெரிக்க அரசுக்குக் கொடுத்தார்கள். அப்போதும் திமிங்கில வேட்டை உரிமையை மட்டும் விடாமல் எழுதி வாங்கினார்கள். அமெரிக்கா பூர்வகுடிகளோடு செய்த ஒப்பந்தங்களில் இந்த உரிமையை வெளிப்படையாகச் சொல்வது இது ஒன்றுதான். வணிகக் கப்பல்கள் வேட்டையாடித் திமிங்கிலங்கள் அருகிப்போனபோது, 1920களில் மக்கா மக்கள் தாங்களாகவே வேட்டையை நிறுத்தினார்கள். எண்ணிக்கை மீண்ட பிறகு 1999 மே மாதம் ஒன்றை வேட்டையாடினார்கள். அதன் எலும்புக்கூடு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன்பின் வழக்குகளில் நீண்ட காலம் போய், 2024இல்தான் பத்தாண்டுகளில் 25 திமிங்கிலங்கள் வரை பிடிக்க அரசு வழிவிட்டது. நான் மக்கா மக்கள் பக்கம். திமிங்கிலத்தை அழிவின் விளிம்புக்குக் கொண்டுபோனவர்கள் அவர்கள் இல்லை, கொடுத்த வாக்கு காப்பாற்றப்பட வேண்டும். வேறு கருத்து உள்ளவர்களும் அந்த அருங்காட்சியகத்தில் ஒரு மணி நேரம் இருந்துவிட்டு வந்து பேசினால் நல்லது.

இவ்வளவு நடக்க வேண்டியிருக்கிறதே, ரோடு போட்டிருக்கக் கூடாதா என்று உங்களுக்குத் தோன்றலாம். போடத்தான் பார்த்தார்கள். 1958இல் உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ் அதை எதிர்த்து, அலாவா முனையிலிருந்து ரியால்டோ கடற்கரை வரை 22 மைல் தூரத்தை எழுபது பேர் அளவில் திரட்டி மூன்று நாள் நடந்தார். சாலை வரவில்லை. அந்த நடைக்கு நன்றி சொல்லிக்கொண்டேதான் நான் ஒவ்வொரு முறையும் பலகையில் கால் வைக்கிறேன்.

சிறு பிள்ளைகளுக்கு 10 கிலோமீட்டர் அதிகம் என்றால் நியா பேயிலேயே இருங்கள். ஃப்ளாட்டரி முனைக்கு ஒரு மைலுக்கும் குறைவான நடை, பாறை உச்சியிலிருந்து கடலும் டட்டூஷ் தீவும் தெரியும். ஹோபக் கடற்கரையில் மணல் உண்டு, அலைச்சறுக்கு ஆடுபவர்களும் வருவார்கள், தங்கும் குடில்களும் இருக்கின்றன. இவை எல்லாம் மக்கா நிலம். ஊருக்குள் கடைகளில் விற்கும் பொழுதுபோக்கு அனுமதிச் சீட்டை வாங்கி வண்டியில் வைக்க வேண்டும். ஒசெட்டுக்கு வேண்டியது தேசியப் பூங்காச் சீட்டு, அது வேறு.

சியாட்டிலிலிருந்து படகில் வண்டியோடு கடந்து, போர்ட் ஏஞ்சலிஸ் வழியாக நியா பே போக நாலரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். போர்ட் ஏஞ்சலிஸிலேயே பெட்ரோல் நிரப்பிவிடுங்கள். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மழை குறைவு, ஆனாலும் மழைச்சட்டை ஆளுக்கொன்று இருக்கட்டும். நியா பேயில் இரவு தங்க முதலிலேயே பதிவு செய்யுங்கள். மறுநாள் காலை கடல் எப்போது வற்றுகிறது என்று பார்த்து, அதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாக ஏரிக்கரையிலிருந்து நடக்க ஆரம்பியுங்கள்.