20 மில்லிமீட்டர் 22 ஆனால் கட்டி வளர்ந்துவிட்டதா?

சுங்கை சிப்புட்டிலிருந்து கேட்டிருக்கும் சகோதரரின் தாயாருக்கு நுரையீரலில் உள்ள கட்டி, முதல் சிடி ஸ்கேனில் 20 மில்லிமீட்டர் என்றும், ஈப்போவில் எடுத்த அடுத்த ஸ்கேனில் 22 மில்லிமீட்டர் என்றும் அறிக்கையில் வந்திருக்கிறது. இந்த இரண்டு எண்களை மட்டும் வைத்து அது வளர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது.

உருண்டையான கட்டியின் கன அளவு விட்டத்தின் மும்மடியை (விட்டம் × விட்டம் × விட்டம்) பொறுத்தது என்பதால், இந்த 2 மில்லிமீட்டரே 4.2 கன சென்டிமீட்டரை 5.6 ஆக்கிவிடும், அளப்பவர் திரையில் கோட்டைச் சற்றுத் தள்ளி வைத்தாலும் அதே வேறுபாடு வரும். நீளம், அகலம், உயரத்தோடு 0.52ஐப் பெருக்கும் சூத்திரம் முட்டை வடிவக் கட்டிக்கே பொருந்தும். ஒவ்வொரு குறுக்குவெட்டுப் படத்திலும் கட்டியின் விளிம்பை வரைந்து, அந்தப் பரப்புகளைப் படங்களுக்கு இடையேயான தூரத்தால் பெருக்கிக் கூட்டுவதே துல்லியமான முறை. ஆனால் படம் 5 மில்லிமீட்டர் தடிமனில் இருந்தால், விளிம்பில் கட்டியும் காற்றும் ஒரே புள்ளியில் கலந்து மங்கிவிடும். ஒரு மில்லிமீட்டர் அளவிலான மெல்லிய படங்களே நம்பத்தக்கவை.

புற்றுநோய்க் கட்டிகள் வளர்ந்தனவா, சுருங்கினவா என்று ஸ்கேனில் மதிப்பிட 2009இல் வெளிவந்த ரெசிஸ்ட் 1.1 என்ற விதிமுறையும், புதிய கட்டி தோன்றாத நிலையில், அளக்கப்படும் கட்டிகளின் விட்டக் கூட்டுத்தொகை 20 விழுக்காடும் குறைந்தது 5 மில்லிமீட்டரும் கூடினால்தான் வளர்ச்சி என்று கொள்கிறது.

தோட்டத்திலிருந்து ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பட்டணத்துக்குப் போகும் குடும்பங்களுக்கு மறு ஸ்கேன் எளிதல்ல என்பதால், முதல் ஸ்கேனின் குறுவட்டை அவசியம் கையோடு கொண்டு சென்று, இரண்டையும் ஒரே கதிரியக்க மருத்துவர் அருகருகே வைத்து அளக்கும்படி கேளுங்கள்.