ஒரே வருடத்தில் மூன்று மொழிகளா? முதலில் ஒன்றை நிலைநிறுத்துங்கள்

திருகோணமலை நகரைச் சேர்ந்த 29 வயதுச் சகோதரி ஒருவர் கேட்டிருப்பதன் சுருக்கம் இது. நிலாவெளியில் ஒரு விடுதியின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறார். கொரிய மொழியை மூன்று மாதம் படித்து விட்டுவிட்டார். ஜப்பானிய மொழியில் ஹிரகானா எழுத்துகளோடு நின்றுபோனார். பிரெஞ்சைக் கைபேசிச் செயலியில் தொட்டுப் பார்த்திருக்கிறார். ஜேர்மனியில் இருக்கும் சித்தி அங்கே ஒரு சம்பந்தம் பேசுவதால் ஜேர்மன் மொழியும் இப்போது பட்டியலில் சேர்ந்திருக்கிறது. வீட்டுக்கு அருகில் உள்ள வகுப்பொன்றில் ஒரு வருடத்தில் மூன்று மொழிகள் கற்பிப்பதாகவும், வீசா வழிகாட்டலும் சேர்த்துத் தருவதாகவும், முழுப் பணத்தையும் முற்கூட்டியே கட்டினால் கழிவு உண்டென்றும் சொல்கிறார்களாம். “வாழ்நாளில் ஆறு மொழியாவது படிக்க ஆசை. எவற்றை, எந்த ஒழுங்கில் படிப்பது? எனக்கு வயது போய்விட்டதா?” என்று முடித்திருக்கிறார்.

சகோதரி, வயது போகவில்லை. சிறு வயதில் கேட்டுப் பழகியவருக்கு வாய்க்கும் உச்சரிப்பு உங்களுக்கு முழுமையாக வாய்க்காமல் போகலாம். ஆனால் இலக்கண ஒழுங்கைப் புரிந்துகொள்வதில் வளர்ந்தவர்கள் தொடக்கத்தில் சிறுவர்களைவிட வேகமாகவே முன்னேறுகிறார்கள். உங்களைப் பின்தள்ளியது வயதல்ல. மூன்று மொழிகளிலும் முதற்படியில் ஏறி, அதே படியிலிருந்து இறங்கியிருக்கிறீர்கள். அந்த வகுப்புப் பொதியை வாங்கினால் நான்காவது தடவையும் அதுவே நடக்கும்.

ஐரோப்பிய மொழித் தேர்வுகள் ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகளாக அளக்கப்படுகின்றன. ஏ1 என்பது பெயர் சொல்லி, விலை கேட்டு, வழி விசாரிக்கும் நிலை. பி1 என்பது எதிர்பாராத ஒரு பேச்சையும் ஓரளவு தாங்கிக்கொள்ளும் நிலை. என் அனுபவத்தில், பி1 வரை போன மொழி சில வருடங்கள் பேசாமல் கிடந்தாலும் மீண்டு வருகிறது; ஏ1 நிலையில் விட்ட மொழி ஒரு மழைக்காலம் முடிவதற்குள் மறந்துபோகிறது. ஜேர்மன் மொழியில் ஏ1 நிலைக்கு 80 முதல் 200 வரையும், பி1 நிலைக்கு 350 முதல் 650 வரையும், 45 நிமிடப் பாடவேளைகள் தேவைப்படும் என்பது, ஜேர்மன் மொழியைக் கற்பித்துப் பரீட்சையும் நடத்தும் கேத்தே நிறுவனத்தின் மதிப்பீடு. இனி உங்கள் வகுப்பின் கணக்கைப் பாருங்கள். வாரத்துக்கு இரண்டு நாள், நாளுக்கு இரண்டு மணித்தியாலம் என்றால் ஒரு வருடத்தில் ஏறத்தாழ 200 மணித்தியாலங்கள். அதை மூன்று மொழிகளுக்குப் பிரித்தால் ஒன்றுக்கு 67 மணித்தியாலம்கூட முழுதாகக் கிடைக்காது. கணக்குப் பிரிவில் வேலை செய்யும் உங்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மூன்று மொழிகளிலும் ஏ1 நிலையின் வாசலில் நிற்பதற்கு முழு வருடத்துப் பணத்தைக் கட்டப்போகிறீர்கள்.

இத்தகைய பொதிகள் ஏன் விற்கப்படுகின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதற்படியைக் கற்பிக்க அனுபவமுள்ள ஆசிரியர் தேவையில்லை. இரண்டு வருடத்துக்கு முன் அதே வகுப்பில் படித்தவரே போதும். பி1 கற்பிக்க உண்மையில் அந்த மொழி தெரிந்தவர் வேண்டும். அங்கே மாணவரும் குறைவு, வருமானமும் குறைவு. ஆகவே கொரிய மொழியில் சோர்ந்தவரை ஜப்பானிய வகுப்புக்கும், அங்கே சோர்ந்தவரை ஜேர்மன் வகுப்புக்கும் மாற்றிவிடுவதே இலாபமாகிறது. வகுப்பில் சேருமுன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: கடந்த வருடம் உங்களிடம் படித்தவர்களில் எத்தனை பேர் வெளியார் நடத்தும் பரீட்சையில் இரண்டாம் அல்லது மூன்றாம் படியில் சித்தியடைந்தார்கள்? பெயர்ப்பலகையைக் காட்டுகிறவர்களிடமும், தாங்களே அச்சிட்ட சான்றிதழைக் காட்டுகிறவர்களிடமும் பணத்தைக் கொடுக்காதீர்கள். எந்த வகுப்பானாலும் மாதக் கட்டணமாகவே கட்டுங்கள். ஒவ்வொரு முறையும் பற்றுச்சீட்டு வாங்குங்கள்.

“வீசா வழிகாட்டல்” என்ற சொல்லைக் கண்டால் இன்னும் கவனமாக இருங்கள். தென் கொரியாவின் தொழில் அனுமதித் திட்டம் இரு அரசுகளுக்கு இடையிலானது. இங்கே இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகமும் அங்கே அந்நாட்டின் மனிதவள நிறுவனமும் நடத்துவது. அதில் தனியார் முகவர் எவருக்கும் இடமே இல்லை. அதற்கான கொரிய மொழிப் பரீட்சையை எழுத வயது 18 முதல் 39 வரை. சித்தியடைந்தாலும் வேலை தருபவர் உங்கள் பெயரைத் தெரிவு செய்தால்தான் பயணம். பெறுபேறு இரண்டு வருடத்துக்கே செல்லும். இந்த ஒழுங்கில் எந்த இடத்திலும் ஒருவர் “நான் பேசி எடுத்துத் தருகிறேன்” என்று சொல்ல வழியில்லை. அப்படியிருந்தும், நகையை அடகு வைத்து இடைத்தரகரிடம் பணம் கொடுத்த ஒரு தகப்பன், மகனின் பரீட்சைப் பெறுபேற்றைக் கையில் பிடித்தபடி என் முன்னால் அழுதிருக்கிறார். மகன் சித்தியடைந்தது தன் படிப்பால். தரகர் அதைத் தன் கெட்டித்தனம் என்று சொல்லி மிகுதிப் பணமும் கேட்டார். குறிப்பிட்ட தொழில்களில் திறன் உள்ளவர்களுக்கு ஜப்பான் தரும் ‘குறித்த திறன்’ வீசாவில், 2019 முதல், அனுமதி பெற்ற முகவர்கள் உண்டு. ஆனால் அந்த அனுமதி உண்மையா, இன்னும் நடைமுறையில் உள்ளதா என்று பணியகத்திடம் கேட்டு அறியாமல் ஒரு சதமும் கொடுக்கக் கூடாது.

மொழிகளின் கடினம் பற்றிச் செயலிகளும் காணொளிகளும் சொல்வதை அப்படியே நம்பாதீர்கள். அமெரிக்க வெளியுறவுப் பயிற்சி நிறுவனம் தன் அலுவலர்களுக்கு ஸ்பானியத்துக்கு ஏறத்தாழ 30 வாரமும், ஜப்பானியம், கொரியம், சீனம், அரபு ஆகியவற்றுக்கு 88 வாரமும் ஒதுக்குகிறது. நம் தமிழுக்கே 44 வாரம் என்று வைத்திருக்கிறார்கள். அது ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவரின் அளவுகோல், நமக்குப் பொருந்தாது. “நான் மீனைச் சாப்பிடுகிறேன்” என்பதை ஜப்பானியர் “வதாஷி வா சகானா ஓ தபேமாசு” என்பார்கள். நான், மீன், அதன் பின்னால் நம் ‘ஐ’ போல ஓர் உருபு, கடைசியில் வினை. கொரிய மொழியும் இதே ஒழுங்கில்தான் வாக்கியம் அமைக்கிறது. வாக்கியத்தை மனத்துக்குள் தலைகீழாகத் திருப்ப வேண்டிய வேலை தமிழருக்கு இல்லை. (இதைப் பார்த்துத் தமிழும் ஜப்பானியமும் ஒரே குடும்பம் என்று முடிவுகட்ட வேண்டாம், பேராசிரியர் சுசுமு ஓனோவின் அந்தக் கருத்தைப் பெரும்பாலான மொழியியலாளர் ஏற்கவில்லை.) நமக்குக் கடினம் வேறிடத்தில் இருக்கிறது: ஜப்பானியத்தில் அன்றாடப் பயன்பாட்டுக்கென வகுத்த சீன எழுத்துகள் மட்டும் 2136. கொரிய அடிப்படை எழுத்துகளோ 24தான். ஒரு வாரத்தில் வாசிக்கலாம். ஜேர்மனில் எழுத்துத் தொல்லை இல்லை, ஆனால் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் பால் உண்டு. பெண்பிள்ளை என்ற சொல்லே அங்கே ஆண்பாலுமில்லை, பெண்பாலுமில்லை, ஒருவகை அஃறிணை. அதை விதியால் விளங்க முயல வேண்டாம், சொல்லோடு சேர்த்தே மனனம் செய்யுங்கள்.

என் பொதுவான ஆலோசனை, ஒரு மொழியை பி1 வரை கொண்டுபோகாமல் அடுத்ததைத் தொடக்கூடாது என்பதே. அந்த முதல் மொழி எதுவென்பதை, அடுத்த இரண்டு வருடத்துக்குள் யாரோடு பேசப்போகிறோம் என்பதை வைத்தே தீர்மானிக்க வேண்டும். உங்கள் விடுதிக்கு மே முதல் செப்ரெம்பர் வரை வரும் விருந்தினர்களிலும் ஜேர்மனியர் இருப்பார்கள், சித்தியின் வீடும் அங்கே. ஆகவே உங்கள் முதல் மொழி ஜேர்மன்.

ஆனால் சம்பந்தம் சரிவந்தால் இந்தப் பொது விதியில் ஒரு விலக்கு வரும். பலர் இதில் தடுமாறுவதால் விரிவாகவே சொல்கிறேன். ஜேர்மனியில் இருக்கும் கணவரிடம் செல்ல வீசா கேட்கும் மனைவி, 2007 முதல், எளிய ஜேர்மன் அறிவை, அதாவது ஏ1 நிலையை, புறப்படும் முன்பே நிரூபிக்க வேண்டும். அதற்கு கேத்தே போன்ற அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தின் பரீட்சைச் சான்றிதழே செல்லும். தெருக்கோடி வகுப்பின் சான்றிதழ் எத்தனை முத்திரை குத்தியிருந்தாலும் செல்லாது. மாப்பிள்ளை ஜேர்மன் குடியுரிமை பெற்றவராக இருந்தாலும் இது வேண்டும். ஆனால் அவர் உயர்தொழில் செய்பவர்களுக்கான ஐரோப்பிய நீல அட்டையில் இருந்தால் வேண்டியதில்லை. அவர் பிரான்ஸ் அல்லது நெதர்லாந்துக் குடியுரிமையோடு ஜேர்மனியில் வசிப்பவராக இருந்தாலும் வேண்டியதில்லை. ஏனெனில் அப்போது நீங்கள் ஐரோப்பிய ஒன்றியக் குடிமகனின் மனைவி என்ற உரிமையில் செல்கிறீர்கள். நம்மவர்களில் ஒரு நாட்டில் குடியுரிமை எடுத்து இன்னொரு நாட்டில் வாழ்பவர்கள் இருப்பதால், “ஜேர்மன் மாப்பிள்ளை” என்று சொன்னதோடு நின்றுவிடக் கூடாது. கடவுச்சீட்டு எந்த நாட்டினது, வதிவிட அனுமதி எந்த வகை என்ற இரண்டையும் கேட்டாக வேண்டும். ஏ1 வேண்டும் என்றால் அந்தப் பரீட்சையை இலக்காக வைத்து மட்டும் படியுங்கள். பி1 பற்றி இங்கே கவலைப்பட வேண்டாம். அங்கே போனபின் புதிதாக வருபவர்களுக்கான ஒருங்கிணைப்பு வகுப்பில் 600 மொழிப் பாடவேளைகள் உண்டு. அதன் இலக்கே பி1தான். இங்கேயே பி1 வரை படிப்பித்துத் தருகிறோம், அப்போதுதான் வீசா உறுதி என்று யாராவது சொன்னால் அது உங்கள் பணத்துக்கான பேச்சு.

நம் ஊரிலிருந்து இந்தப் பரீட்சைகளுக்காகக் கொழும்புக்குப் போக வேண்டியிருப்பதை நினைக்கும்போது எனக்குப் பொறுமை போய்விடுகிறது. இரவு முழுக்கப் பேருந்தில் இருந்து, காலையில் தூக்கக் கலக்கத்தோடு கேட்டல் பரீட்சையில் உட்காரும் பிள்ளையையும், கொழும்பில் வீட்டிலிருந்து நடந்து வரும் பிள்ளையையும் ஒரே புள்ளியால் அளக்கிறார்கள். கணினியில் நடத்தக்கூடிய பரீட்சையைக் கிழக்கில் ஓர் இடத்தில் நடத்த ஏன் முடியவில்லை என்பதற்கு இதுவரை எனக்கு யாரும் பதில் சொன்னதில்லை. இலங்கையில் கொரிய, ஜப்பானிய வகுப்புகளும் கைநூல்களும் பெரும்பாலும் சிங்களத்தின் வழியாகவே நடக்கின்றன என்பதும் இதோடு சேர்ந்தது. சிங்களம் வெளிநாட்டு மொழியல்ல என்பதால் உங்கள் ஆறில் அதை எண்ணவில்லை. ஆனால் அது கையில் இருந்தால் கிழக்காசிய மொழிகளுக்கான பாதி வாசல் திறந்துவிடும். பாடசாலையில் இரண்டாம் மொழியாக வருடக்கணக்கில் படித்தும் அதில் ஒரு பந்தி பேச முடியாமல் நம் பிள்ளைகள் வெளியேறுவது பிள்ளைகளின் குற்றமல்ல.

ஜேர்மனுக்கு அடுத்து கொரியமா ஜப்பானியமா என்பதை இப்போது தீர்மானிக்க வேண்டாம். இரண்டில் ஒன்றே போதும், இரண்டையும் ஒன்றாகத் தொட வேண்டாம். பிரெஞ்சு, கனடாவில் குடியேற விண்ணப்பிப்பவர்களுக்கான புள்ளி முறையில் கூடுதல் மதிப்புத் தரும். ஆனால் அங்கு கேட்கும் பிரெஞ்சுப் பரீட்சைப் பெறுபேறுகள் இரண்டு வருடமே செல்லும் என்பதால், விண்ணப்பிக்கும் காலம் நெருங்கும்வரை பரீட்சைக் கட்டணத்தைக் கட்ட வேண்டாம். ஸ்பானியம் இலகு என்று எழுதியிருக்கிறீர்கள். அதைவிடப் போர்த்துக்கேயத்தைப் பாருங்கள் என்பேன். 1624இல் இங்கே கோட்டை கட்டியவர்களின் சப்பாத்தும் அலுமாரியும் சாவியும் பாணும் இன்னும் நம் வாயில் இருக்கின்றன. கிழக்கில் சில பறங்கியர் குடும்பங்கள் அந்த மொழியின் கலப்பு வடிவத்தை இன்றும் பேசுகின்றன. அது ஐம்பது வயதில் ஆசைக்குப் படிக்க நல்ல மொழி, அவசரமில்லை.

தினமும் ஒரு மணித்தியாலம், வாரத்தில் ஐந்து நாள் ஒதுக்கினால், ஒன்றரை வருடத்தில் பி1 எட்டக்கூடியதே. ஜேர்மன் வானொலி நிறுவனமான டொச்ச வெல்லவின் இணையப் பாடங்கள் ஏ1 முதல் பி1 வரை இலவசம். அவற்றிலேயே தொடங்கி, பேச்சுப் பயிற்சிக்கு மட்டும் ஆசிரியரிடம் போகலாம். படித்ததை மறுநாளும், பின் ஒரு வாரம் கழித்தும், பின் ஒரு மாதம் கழித்தும் திருப்பிப் பாருங்கள். மறதி முதல் நாட்களில்தான் வேகமாக நடக்கிறது என்பதை ஜேர்மன் உளவியலாளர் எபிங்ஹவுஸ் 1885இலேயே தன்னைத்தானே சோதித்துக் காட்டியிருக்கிறார். இந்த வாரம் செய்ய வேண்டியது, சித்தியிடம் மாப்பிள்ளையின் கடவுச்சீட்டையும் வதிவிட அனுமதியையும் பற்றிக் கேட்டு எழுதி வைப்பது. அந்தப் பதில் வரும்வரை எந்த வகுப்புக்கும் முற்பணம் கட்ட வேண்டாம்.