சிறுவன் இருந்தானா?

அன்புள்ள ஐயா,

பள்ளி நாட்களில் ரகுநாதன் மொழிபெயர்த்த ‘தாய்’ படித்து, கோர்க்கி மேல் வந்த பிரியத்தில் இப்போது அவருடைய நான்கு பாக நாவலான ‘கிளிம் சாம்கினின் வாழ்க்கை’யை ஆங்கிலத்தில் எடுத்தேன். ஒன்றரை பாகம் முடிந்தது. எல்லோரும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். நாயகன் எதுவும் செய்வதில்லை, அவனைப் பிடிக்கவும் இல்லை. அறிவுஜீவிகளை மட்டம் தட்டக் கட்சிக்காக எழுதியதுதானே இது? தொடரலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

ஒன்றரை பாகம் தாண்டியதே பெரிய விஷயம். நான் முதல் தடவை இருநூறாம் பக்கத்தில் மூடி வைத்துவிட்டேன். ‘தாய்’ வழியாக வருகிற எல்லோருக்கும் இங்கே இடிக்கும். நாம் அதில் வரும் புரட்சிக்காரத் தொழிலாளி பாவெலைப் போல இன்னொருவனைத் தேடுகிறோம். கோர்க்கி தருவதோ, கூட்டத்தின் ஓரத்தில் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நிற்கும் ஒரு வக்கீலை.

பனிக்கட்டி உடையும் இடத்தைக் கடந்திருப்பீர்கள். உறைந்த ஆற்றில் சறுக்கி விளையாடும்போது கிளிமின் சிறுவயதுத் தோழர்கள் போரிஸும் வார்யாவும் நீரில் விழுகிறார்கள். கிளிம் தன் இடைவாரை வீசுகிறான். போரிஸ் பிடித்து இழுக்கிறான். தானும் சறுக்கிப் போகிறோம் என்று தெரிந்ததும் கிளிம் வாரை விட்டுவிடுகிறான். அவ்வளவுதான், இருவரும் மூழ்கிப்போகிறார்கள். இதே போரிஸ், ராணுவப் பள்ளியில் தோழர்களைக் காட்டிக்கொடுக்க மறுத்ததற்காகத் தனியறையில் அடைக்கப்பட்டவன். கிளிமை விளையாட்டில் ஓயாமல் சீண்டியவன். அதனால் அந்தக் கை பயத்தால் மட்டும்தான் விட்டதா என்று நமக்குச் சந்தேகம் வருகிறது. கிளிமுக்கும் வருகிறது. அப்போது கரையில் யாரோ நம்பிக்கையில்லாமல் கேட்கிறார்கள்: “சிறுவன் இருந்தானா? ஒருவேளை சிறுவனே இல்லையோ?” இந்த வாக்கியம் நாவல் முழுக்கத் திரும்பத் திரும்ப வரும். ரஷ்ய மொழியில் இன்று பழமொழி மாதிரியே ஆகிவிட்டது.

‘எதுவும் செய்வதில்லை’ என்கிறீர்கள். ஆமாம், ஆனால் எல்லா இடத்திலும் இருக்கிறான். 1896இல் மாஸ்கோவின் ஹோடின்கா மைதானத்தில் ஜார் மன்னரின் முடிசூட்டு விழாப் பரிசுகளுக்காக முண்டியடித்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மிதிபட்டுச் செத்தார்களே, அந்தக் கூட்டத்தை இவன் ஒரு கூரைமேல் நின்று பார்க்கிறான். 1905 ஜனவரி 9, பீட்டர்ஸ்பர்க்கில் ஊர்வலமாக வந்த தொழிலாளர்கள் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டின்போதும் அங்கே இருக்கிறான், டிசம்பரில் மாஸ்கோ எழுச்சியின் தடுப்பரண்கள் நடுவிலும் இருக்கிறான். சுற்றி இருப்பவர்கள் இவனைப் புரட்சிக்காரன் என்றே நினைக்கிறார்கள். இவன் மறுப்பதில்லை, அந்த மரியாதை பிடித்திருக்கிறது.

பேச்சுக்கும் இதுவே காரணம். சின்ன வயதிலேயே பெற்றோர் அவனை ஒரு மேதைக் குழந்தையாகக் கற்பனை செய்துவிட்டார்கள். விருந்தாளிகள் முன் புத்திசாலித்தனமாக ஏதாவது சொல்லியாக வேண்டும். அப்படிப் பழகியவன் வளர்ந்த பிறகும் ஒருவர் வாயில் கேட்ட வாக்கியத்தை இன்னொரு வீட்டில் தன் வாக்கியமாக எடுத்து விடுகிறான். நீங்கள் சலித்துப்போன அந்தப் பேச்செல்லாம் அவன் பொறுக்கிச் சேர்க்கும் சரக்கு. எது யாருடையது என்று பார்த்துக்கொண்டே படியுங்கள், வேடிக்கையாக இருக்கும். (கொஞ்சம் கூச்சமாகவும் இருக்கும். நான் மேடைகளில் பேசிய சில வரிகள் எங்கிருந்து வந்தன என்று எனக்குத் தெரியும்.)

சரி, கட்சி விஷயம். இதை எழுதத் தொடங்கியது 1925இல், இத்தாலியின் சொரெண்டோவில். 1917, 18இல் ‘நோவயா ஜீஸ்ன்’ இதழில், ஆட்சியைப் பிடித்த லெனின் கட்சியினரான போல்ஷெவிக்குகளைக் கடுமையாகக் கண்டித்து எழுதியவர் கோர்க்கி. படித்த வர்க்கத்தை அடித்து நொறுக்காதீர்கள் என்று சண்டை போட்டவர். அந்த இதழை 1918 ஜூலையில் அரசு மூடியது. சாம்கின் மேல் அவருக்கு இருக்கும் வெறுப்பு கட்சி அலுவலகத்தில் வாங்கியது என்று நான் நினைக்கவில்லை. அந்த மனிதர்களின் வரவேற்பறைகளில் பல வருடம் உட்கார்ந்திருந்தவரின் வெறுப்பு அது.

ஆனால் உங்கள் சந்தேகத்தை முழுக்கத் தள்ளவும் முடியவில்லை. நாவலை எழுதிக்கொண்டிருந்த காலத்திலேயே, 1929 ஜூனில், வட ரஷ்யாவின் சொலோவ்கி தீவுகளில் இருந்த சோவியத் கைதி முகாமுக்குக் கோர்க்கி போனார். திரும்பி வந்து அதைப் பாராட்டி எழுதினார். பதினான்கு வயதுக் கைதி ஒருவன் முகாமின் உண்மைகளையெல்லாம் தனியாக அவரிடம் சொன்னான், அவர் அழுதுகொண்டே வெளியே வந்தார், அவர் போனதும் சிறுவனைச் சுட்டுவிட்டார்கள் என்று கைதிகளிடையே ஒரு கதை உலவியது. சோவியத் முகாம்களைப் பற்றிய ‘குலாக் தீவுக்கூட்டம்’ நூலில் சோல்செனிட்சின் அதை எழுதியிருக்கிறார். ஆவணம் எதுவும் கிடையாது. அதனால் அந்தக் கதை வரும்போதெல்லாம் யாராவது கோர்க்கியின் வரியையே எடுத்துக் கேட்பார்கள், சிறுவன் இருந்தானா என்று. கதை பொய்யாகவே இருக்கட்டும், அந்தப் பாராட்டுக் கட்டுரை பொய்யில்லை. வாரை விடுவது எப்படி என்று இவ்வளவு நுணுக்கமாக எழுதத் தெரிந்தவர் அதையும் எழுதியிருக்கிறார்.

தொடருங்கள் என்றுதான் சொல்வேன். இரண்டாம் பாகத்தில் அலுப்புத் தட்டினால் பக்கம் தள்ளிப் போவதில் தப்பில்லை. மூன்றாம் பாகத்தில் மரீனா ஜோத்தவா வருவாள். பகலில் தேவாலயப் பொருட்கள் விற்கும் கடை, இரவில் ஒரு ரகசிய மதக்குழுவின் தலைவி. சாம்கினால் கடைசிவரை அளந்து பார்க்க முடியாத ஒரே ஆள் அவள்தான். நான்காம் பாகத்தை முடிக்காமலேயே 1936 ஜூனில் கோர்க்கி இறந்துவிட்டார், ஆகவே சரியான முடிவை எதிர்பார்க்காதீர்கள். மரீனாவைப் பார்த்த பிறகு எழுதுங்கள், மேற்கொண்டு பேசலாம்.