109-ஆம் சங்கீதத்தை எந்த வசனத்தில் நிறுத்துகிறீர்கள்?

ஐயா, ஸ்தோத்திரம். யாங்கூனில் எங்கள் தமிழ்ச் சபையின் மாதர் சங்கக் கணக்கை நான்தான் எழுதுகிறேன். கிறிஸ்துமஸ் காணிக்கையில் கைவைத்துவிட்டேன் என்று கதை கட்டிவிட்டார்கள். கட்டியவள், ஆராதனையில் எப்போதும் என் பக்கத்தில் உட்காருகிறவள். சபையின் வைபர் (செல்போன் செய்திச் செயலி) குழுவில் ஆளாளுக்கு எழுதுகிறார்கள். ராத்திரி படுத்துக்கொண்டே, வேதாகமத்தில் சத்துருவைச் சபிக்கிற 109-ஆம் சங்கீதத்தைச் சொல்லி அழுகிறேன். "அவன் பிள்ளைகள் திக்கற்றவர்களும்" என்று வரும்போது நெஞ்சை அடைக்கிறது. அவள் மகன் என் ஓய்வுநாள் பள்ளி வகுப்பில் படிக்கிறான். விடியும்வரை தூக்கமில்லை. இப்படி ஜெபிப்பது பாவமா?

அன்புச் சகோதரி,

பாவமில்லை. பழியைத் தன் கையில் எடுக்காமல் கர்த்தரிடம் ஒப்படைக்கிற ஜெபம் அது. ஆனால் சாபத்தோடு நிறுத்திவிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். 31 வசனங்களில் சாபம் 6-இலிருந்து 20 வரைதான். அங்கேயே நின்றால் மனம் அவளையே சுற்றிவரும், உடம்பும் சண்டைக்கு நிற்பதுபோல் விறைத்துக்கொள்ளும். தூக்கம் எப்படி வரும்? 22-ஆம் வசனத்துக்குப் போங்கள்: "என் இருதயம் எனக்குள் குத்துண்டிருக்கிறது." பேச்சு எதிராளியை விட்டுத் தன் காயத்துக்குத் திரும்புகிறது. அங்கே எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அழுங்கள். பிள்ளைகளைப் பற்றிய அந்த 9-ஆம் வசனம் வாயில் வராவிட்டால் விட்டுவிடுங்கள். 6 முதல் 19 வரை உள்ளதைப் பகைவர் சங்கீதக்காரன்மேல் போட்ட சாபமாகவே வாசிக்கிற வேத அறிஞர்களும் உண்டு.

இதைப் படுக்கையில் செய்யாதீர்கள். சாயங்காலம் நாற்காலியில் உட்கார்ந்து, வாய்விட்டு வாசியுங்கள். முதலில் 7-ஆம் சங்கீதம் 3 முதல் 5 வரை. தன் கையில் நியாயக்கேடு உண்டா என்று தாவீது தன்னையே சோதிக்கிறான். அடுத்து 55:12-14. நிந்தித்தவன் சத்துருவாக இருந்தால் சகித்திருப்பேன் என்கிற அந்த வரிகள்தான் உங்கள் நிலைமை. காணிக்கைப் பேச்சைவிட அந்தச் சிநேகிதம் போனதுதான் உங்களை அதிகம் வாட்டுகிறது. பிறகு 109, கடைசி வசனம் வரை. படுக்கைக்கு 4-ஆம் சங்கீதம் மட்டும் போதும். எட்டே வசனம், பொய்யை நாடுகிறவர்களைப் பற்றிப் பேசிவிட்டு, "சமாதானத்தோடே படுத்துக்கொண்டு நித்திரைசெய்வேன்" என்று முடிகிறது.

கணக்கையும் பேசவிடுங்கள். ரசீதுகளைத் தேதிவாரியாக அடுக்கி, சங்கத்தில் இல்லாத இரண்டு பேரைக் கொண்டு தணிக்கை செய்யும்படி போதகரிடம் எழுத்தில் கேளுங்கள். முடிவைச் சபையிலேயே வாசிக்கச் சொல்லுங்கள். வைபரில் பதில் எழுத வேண்டாம். எழுதுகிற ஒவ்வொரு வரிக்கும் பத்து வரி முளைக்கும். குழுவின் சத்தத்தை அணைத்துவிட்டு, வாய்க்குக் காவல் வைக்கும்படி கர்த்தரிடம் கேட்கிற சங்கீதம் 141:3-ஐச் சொல்லுங்கள். பையனிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம்.

இரண்டு வாரத்துக்கு மேலும் தூக்கமில்லாவிட்டாலோ, சாப்பாடு இறங்காவிட்டாலோ டாக்டரைப் பாருங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் காத்திருக்காதீர்கள். வீட்டில் ஒருவரிடம் உடனே சொல்லி, அன்றைக்கே துணையோடு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.